நோயின் பெயர் தெரியும் வரை: மருத்துவமனையில் பிள்ளையோடு காத்திருக்கும் பெற்றோருக்கு

பிள்ளைக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல் விடவில்லை. பக்கத்துத் தெரு கிளினிக்கில் இரண்டு ஊசி, மூன்று விதமான சிரப், ஒரு ரத்தப் பரிசோதனை எல்லாம் ஆகிவிட்டது. பிறகு பெரிய மருத்துவமனையில் சேர்க்கிறோம். மறுநாளே நோயின் பெயரைச் சொல்லிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். இரண்டு நாள், மூன்று நாள் போகிறது. ரத்தம் எடுக்கிறார்கள், ஸ்கேன் எடுக்கிறார்கள், மறுபடியும் ரத்தம் எடுக்கிறார்கள். காலை ரவுண்ட்ஸில் வரும் டாக்டர், "இன்னும் உறுதியாகத் தெரியவில்லை, ரிப்போர்ட் வரட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்.

சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையாகட்டும், வேலூர் சி.எம்.சி.யாகட்டும், புதுச்சேரி ஜிப்மராகட்டும், குழந்தைகள் வார்டில் தங்கியிருக்கும் பெற்றோர் பலரும் கேட்கும் பதில் இதுதான். நம் குடும்பங்களில் தவறான முடிவுகள் அதிகம் எடுக்கப்படுவதும் இந்த நாட்களில்தான். "இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று இரவோடு இரவாக வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். காய்ச்சல் ஒரு வேளை இறங்கியதும் சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். அதனால் இந்தக் காத்திருப்பின் போது உள்ளே என்ன நடக்கிறது, கூட இருக்கும் உம்மாவும் வாப்பாவும் என்ன செய்ய முடியும் என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ஏன் இத்தனை நாள்?

முதலில் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் 'கல்ச்சர்' பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். பிள்ளையின் ரத்தத்தைச் சத்து நீர் உள்ள ஒரு பாட்டிலில் செலுத்திக் கருவியில் வைக்கிறார்கள். கிருமி இருந்தால் அது வளர வேண்டும். பெரும்பாலான கிருமிகள் ஓரிரு நாளில் தலைகாட்டிவிடும். ஆனாலும் 'கிருமி வளரவில்லை' என்று எழுதிக் கொடுப்பதற்கு முன் பொதுவாக 5 நாள் வைத்துப் பார்ப்பார்கள். வளர்ந்தால், அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறிய மேலும் ஓரிரு நாள் ஆகும். காசநோய்க் கிருமி இன்னும் மெதுவானது. ஜீன் எக்ஸ்பர்ட் கருவி சுமார் 2 மணி நேரத்தில் ஒரு விடை தந்துவிடும் என்றாலும், கல்ச்சரில் வளர 6 வாரம் வரை காத்திருக்க நேரிடும். சமைக்கும் சோற்றைப் போலத்தான் இது. அடுப்பை எவ்வளவு ஏற்றினாலும் அதற்கான நேரம் ஆகியே தீரும்.

சில பரிசோதனைகளுக்கு நாள் கணக்கு உண்டு. டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில்தான் நன்றாகக் காட்டும். ஐ.ஜி.எம். பரிசோதனை அதற்குப் பிறகுதான் பலன் தரும். "முந்தாநாள் எடுத்ததைத்தானே மறுபடியும் எடுக்கிறார்கள், காசு பறிக்கிறார்கள்" என்று நாம் நினைக்கும்போது, உண்மையில் நாள் மாறியதால் பரிசோதனையும் மாறியிருக்கும்.

இன்னொரு காரணம் நம் பக்கம் இருப்பது. மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் கிருமி சாகாமல் அடங்கியிருந்து, கல்ச்சரில் வளராமல் ஏமாற்றும். அதைவிடக் கவனிக்க வேண்டியது ஸ்டீராய்டு. காய்ச்சலை உடனே இறக்குவதற்காகச் சில இடங்களில் 'டெக்ஸா' ஊசி போட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்கு இருப்பது ரத்தப் புற்றுநோயாகவோ நிணநீர்க் கட்டிப் புற்றுநோயாகவோ இருந்தால், ஓரிரு வேளை ஸ்டீராய்டு கூட அதன் அடையாளங்களை மறைத்து, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையைக் குழப்பிவிடும். அதனால் வெளியே போட்ட ஊசி என்ன என்று பெரிய டாக்டர் கேட்டால், அவர் அந்தக் கிளினிக் டாக்டரைக் குறைசொல்லக் கேட்கவில்லை. மருந்துச்சீட்டு, காலியான அட்டை, பாட்டில் என்று கையில் இருப்பதையெல்லாம் எடுத்துப் போங்கள். சீட்டு தராத கிளினிக் என்றால் போன் செய்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

"நோய் தெரியாமலேயே மருந்து ஏற்றுகிறார்களே?" என்பது அடுத்த கேள்வி. ஆபத்தான நோய்த்தொற்றாக இருந்தால் விடை வரும்வரை காத்திருக்க முடியாது. அதனால் அதிகம் சாத்தியமான கிருமிகளை மனதில் வைத்து முதலில் ஒரு மருந்தைத் தொடங்குவார்கள். ரிப்போர்ட் வந்ததும் மாற்றுவார்கள் அல்லது நிறுத்துவார்கள். மருந்தை மாற்றினால் 'முதலில் கொடுத்தது தப்பு' என்று அர்த்தமாகாது.

எந்தக் கருவியும் பார்க்காததை உம்மா பார்த்திருப்பார்

எல்லா நோய்க்கும் ஒரு பரிசோதனை இருக்கும், அது வந்தால் பெயர் தெரிந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. ஜப்பானிய மருத்துவர் தொமிசாகு கவாசாகி 1967-இல் 50 குழந்தைகளின் விவரங்களோடு எழுதிய ஒரு நோய் இருக்கிறது. இன்று அது அவர் பெயராலேயே கவாசாகி நோய் எனப்படுகிறது. பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வருவது. இதை உறுதி செய்ய இன்றுவரை தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. ஐந்து நாளோ அதற்கு மேலோ விடாத காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த கண்கள், வெடித்துச் சிவந்த உதடு, உடம்பில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் நெறிகட்டு என்று அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். இதில் ஒரு சிக்கல், இந்த அடையாளங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இருக்காது. இரண்டாம் நாள் சிவந்திருந்த கண், ஆறாம் நாள் மருத்துவமனையில் சேர்க்கும்போது தெளிந்திருக்கும். அதைப் பார்த்தவர் உம்மா மட்டுமே. காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தை ஏற்றிவிட்டால் இதயத்தின் ரத்தக்குழாய் பாதிக்கும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. சிகிச்சை இல்லாமல் விட்டால் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு அந்த ரத்தக்குழாய் புடைத்துப்போகிறது. "கண்ணு சிவந்துதான் இருந்துச்சு, தூக்கமில்லாததாலன்னு நெனச்சேன்" என்று ஒரு உம்மா சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு எடை இருக்கிறது.

நம் தமிழ்நாட்டுக்கு நெருக்கமான இன்னொரு உதாரணம் ஸ்க்ரப் டைபஸ். புதர்களிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சி கடிப்பதால் வரும் காய்ச்சல் இது. வழக்கமாக ஏற்றும் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற மருந்துக்குத்தான் அடங்கும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல வலியில்லாத ஒரு கறுப்புப் பொருக்கு சிலருக்கு இருக்கும். அதைக் கண்டுவிட்டால் நோய் பாதி பிடிபட்ட மாதிரி. ஆனால் அது இருக்கும் இடம் அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம், பிட்டம் என்று மறைவிடமாகவே இருக்கும். எட்டு, பத்து வயதுப் பெண்பிள்ளை ஆடை விலக்கிக் காட்ட வெட்கப்படும். நாமும் "பொம்பளப் புள்ள, வேணாம் டாக்டர்" என்று சொல்லிவிடுகிறோம். சிகிச்சைக்குத் தேவையான அளவு மறைவிடத்தைப் பார்ப்பதற்கு மார்க்கம் அனுமதிக்கிறது. பெண் டாக்டரோ சிஸ்டரோ பார்க்கட்டும் என்று கேட்கலாம், திரை போடச் சொல்லலாம், உம்மா பக்கத்தில் நிற்கலாம். அல்லது உடம்பு துடைத்துவிடும்போது உம்மாவே தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, கண்டதைச் சொல்லலாம். பார்க்கவே விடாமல் இருப்பது மட்டும் கூடாது.

பார்த்து, குறித்து, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது நமக்குப் புதிய விஷயமும் இல்லை. இன்றைய டெஹ்ரானுக்கு அருகிலுள்ள ரய் நகரில் பிறந்த அபூபக்ர் அர்ராஸி, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறு வேறு நோய்களாகப் பிரித்துக் காட்டித் தனி நூல் எழுதினார். அவரிடம் என்ன கருவி இருந்தது? முதுகுவலி எதில் அதிகம், குமட்டலும் படபடப்பும் எதில் அதிகம் என்று நோயாளியின் படுக்கையருகே உட்கார்ந்து கவனித்ததுதான். ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அவர் எழுதிவைத்த குறிப்புகள் பின்னாளில் அவருடைய பெரிய மருத்துவத் தொகுப்பில் சேர்ந்தன.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல் எத்தனை மணிக்கு எவ்வளவு, எந்த மருந்து எப்போது, எத்தனை முறை சிறுநீர் போனது, என்ன சாப்பிட்டது, வாந்தி வந்ததா என்று எழுதுங்கள். தடிப்போ வீக்கமோ தெரிந்தால் உடனே போனில் படம் எடுங்கள். டாக்டர் வரும்போது அது மறைந்திருக்கக்கூடும். வெட்டு வந்தால் ஒருவர் சிஸ்டரைக் கூப்பிடும்போது இன்னொருவர் வீடியோ எடுக்கட்டும். எந்தக் கை முதலில் இழுத்தது என்பது கூட டாக்டருக்கு ஒரு தகவல். படங்களை டாக்டருக்கு மட்டும் காட்டுங்கள். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

வீட்டில் கொடுத்ததையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கருஞ்சீரக எண்ணெய், நாட்டு மருந்து, பெரியவர்கள் காய்ச்சிக் கொடுத்த கஷாயம் எதுவானாலும் சரி. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அரிதாகத் தேனில் இருக்கும் ஒரு கிருமியின் விஷம் கைக்குழந்தையின் உடம்பைத் துவளச் செய்துவிடும். கொடுத்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஓதி ஊதிய தண்ணீரும் ஸம்ஸமும் கொடுப்பதில் தடையில்லை, ஒரு சந்தர்ப்பத்தைத் தவிர. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பரிசோதனைக்கு முன் 'வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள்' என்று சொல்லிவிட்டால், ஒரு ஸ்பூன் ஸம்ஸமும் அதில் அடங்கும். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பாசத்தில் ஒரு வாய் ஊட்டியதால் பரிசோதனை மறுநாளுக்குத் தள்ளிப்போவது வார்டுகளில் நடப்பதுதான். தாயத்து பற்றிய மார்க்கக் கருத்து வேறுபாட்டுக்குள் நாம் இங்கே போகவில்லை. கையில் உலோகக் கூடு கட்டியிருந்தால் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும் முன் அது கழற்றப்பட வேண்டும், அவ்வளவுதான்.

பயப்படுத்தும் இரண்டு ஊசிகள்

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றதும் பல குடும்பங்கள் கையெழுத்துப் போட மறுக்கின்றன. "கால் விளங்காமல் போய்விடும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்கும் கீழே, நரம்பு இழைகள் நீரில் மிதந்துகொண்டிருக்கும் இடத்தில். மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்பதை அந்த நீரைப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். மறுத்துவிட்டு இரண்டு நாள் யோசிப்பது, கேட்கும் திறனையும் சில சமயம் உயிரையும் பணயம் வைக்கும் செயலாகிவிடலாம். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், ஆனால் அன்றைக்கே கேட்டு முடித்துவிடுங்கள்.

எலும்பு மஜ்ஜை எடுப்பதும் இடுப்பெலும்பிலிருந்து சில மில்லி அளவுதான். உடம்பு அதை மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும். 'ரத்தம் எடுத்தே பிள்ளையை உருக்குகிறார்கள்' என்ற பேச்சுக்கும் கணக்குப் பார்த்துவிடலாம். குழந்தையின் உடம்பில் கிலோவுக்கு 75 முதல் 80 மில்லி ரத்தம் இருக்கும். 15 கிலோ பிள்ளைக்கு ஒரு லிட்டருக்கு மேல். ஒரு குழாயில் எடுப்பது 2, 3 மில்லி.

ஊசி போடப்போகிறார்கள் என்பதைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். "வலிக்கவே வலிக்காது", "வீட்டுக்குப் போறோம் வா" என்று ஏமாற்றி அறைக்குள் கொண்டுபோனால், அடுத்த முறை உம்மாவின் சொல்லையே பிள்ளை நம்பாது. ஒரு தாய் தன் மகனை ஏதோ தருவதாகச் சொல்லி அழைத்தபோது, என்ன தரப்போகிறாய் என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்ததும், பேரீச்சம்பழம் தருவதாக அவர் பதில் சொன்னதும், எதுவும் தராமல் இருந்தால் அது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்ததும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. "கொஞ்சம் வலிக்கும், உம்மா கையைப் பிடிச்சுக்கிட்டே இருப்பேன், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று சொன்னால் நான்கு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

பெற்றோர் கூட இருப்பது பிள்ளைக்கு எவ்வளவு தேவை என்பதை மேலைநாட்டு மருத்துவமனைகள் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டன. இங்கிலாந்தில் 1950-கள் வரை பல மருத்துவமனைகளில் பெற்றோர் வாரத்துக்குச் சில மணி நேரம்தான் பிள்ளையைப் பார்க்கலாம். தாயைப் பிரிந்த இரண்டு வயதுக் குழந்தை மருத்துவமனையில் எப்படி ஒடுங்கிப்போகிறது என்பதை ஜேம்ஸ் ராபர்ட்ஸன் 1952-இல் படமெடுத்துக் காட்டினார். 1959-இல் வந்த பிளாட் அறிக்கைதான் பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கவும், சிறு குழந்தைகளோடு தாய் தங்கவும் பரிந்துரைத்தது. நம் ஊர் வார்டுகளில் தாய் கட்டிலோரம் சுருண்டு படுத்துக்கொள்வது வழக்கமாக இருப்பதால் அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை.

தொழுகையும் துக்கமும்

கூட இருக்கும் உம்மாக்கள் அதிகம் தவிப்பது தொழுகையைப் பற்றி. பிள்ளை வாந்தி எடுத்த உடை, ட்ரிப்ஸ் மாட்டிய கை, தனியே விட்டுப் போகவும் முடியாது. கட்டிலோரத்திலேயே தொழுதுகொள்ளுங்கள். ஒரு சுத்தமான தொழுகை உடையும் சிறு விரிப்பும் தனிப் பையில் இருக்கட்டும். தொழுகையின் நடுவில் பிள்ளை ஊசியைப் பிடுங்கப்போனால் தொழுகையை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பிடிப்பதுதான் முறை, பிறகு தொழலாம். பிள்ளையின் அழுகுரல் கேட்டால் தாயின் தவிப்பை எண்ணி நபி (ஸல்) அவர்கள் ஜமாஅத் தொழுகையையே சுருக்கியிருக்கிறார்கள். நோயாளியைக் கவனிக்க வேறு ஆள் இல்லாத வாப்பாவுக்கு ஜும்ஆவுக்கு வராமலிருக்க அனுமதி உண்டு. அன்று அவர் லுஹர் தொழுவார். இரண்டு நேரத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருக்கிறது. ஹன்பலி மத்ஹபில் இத்தகைய சிரமத்துக்கு இடமுண்டு. ஹனஃபிகள் லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் முதல் நேரத்திலும் தொழுது சமாளிக்கலாம். உங்கள் ஊர் ஆலிமுக்கு ஒரு போன் செய்து கேட்டுவிட்டால் மனம் நிம்மதியாகும்.

அழுதால் பொறுமை போய்விட்டது என்று அர்த்தமா? யஃகூப் (அலை) அவர்கள் மகன் யூசுஃபை எண்ணி அழுது கண்பார்வையே மங்கியதை சூரா யூசுஃப் சொல்கிறது. தம் துயரத்தை அவர்கள் அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். அதோடு நிற்கவில்லை, நம்பிக்கை இழக்காமல் தேடிவரும்படி பிள்ளைகளை அனுப்பியும் வைத்தார்கள். அழுகையும் துஆவும் தேடலும் அங்கே ஒன்றாகவே இருந்தன. குழந்தை இஸ்மாயீலுக்குத் தண்ணீர் தேடி ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஓடிய அன்னை ஹாஜர் அவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. வார்டில் ரிப்போர்ட்டுக்காக லேபுக்கும் கட்டிலுக்கும் நடக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது நமக்கு அந்த ஓட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

உறவினர்கள் இங்கே செய்யும் ஒரு கொடுமையைச் சொல்லாமல் இருக்க முடியாது. "நீ சரியாகக் கவனிக்கலை", "கண்ணூறு பட்டிருக்கு, அன்னைக்கே சொன்னேன்" என்று மருமகளைக் குற்றவாளியாக்குவது. கண்ணூறு உண்மை என்பது நம் நம்பிக்கை. அதற்கு ஓதிப் பார்க்க வழியும் இருக்கிறது. ஆனால் மூன்று இரவு தூங்காத பெண்ணின் தலையில் அதைக் குற்றச்சாட்டாகப் போடுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பயந்துபோன தாய், மாமியாருக்கு அஞ்சி, வீட்டில் நடந்ததை டாக்டரிடம் மறைப்பார். அதனால் நஷ்டம் பிள்ளைக்கு.

வாப்பா வளைகுடாவில் இருந்தால்

நம் குடும்பங்களில் பாதி நேரம் உம்மா வார்டில், வாப்பா துபாயிலோ ரியாத்திலோ. டாக்டர் சொன்னது உம்மா வழியாக மாமாவுக்கு, மாமா வழியாக வாப்பாவுக்கு என்று போவதற்குள் உருமாறிவிடும். அங்கிருந்து ஒருவர், "உடனே சென்னைக்குக் கொண்டுபோங்க" என்று கட்டளையிடுவார். இதைத் தவிர்க்க ஒரு வழி, ரவுண்ட்ஸ் நேரத்தில் டாக்டரிடம் அனுமதி கேட்டு வாப்பாவையும் போனில் சேர்த்துக்கொள்வது. அது முடியாவிட்டால் டாக்டர் சொன்னதை அவர் எதிரிலேயே நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். குடும்பத்தில் டாக்டரிடம் பேச ஒருவர் மட்டும் இருக்கட்டும். காலையில் சித்தப்பா, மதியம் மாமா என்று ஆள் மாறிக் கேட்டால் டாக்டரும் சுருக்கமாகப் பேசி நகர்ந்துவிடுவார்.

கேட்க வேண்டியவை என்ன? இப்போது எந்த நோய்களை நினைத்துத் தேடுகிறீர்கள்? எதெல்லாம் இல்லை என்று தெரிந்துவிட்டது? எந்த ரிப்போர்ட் என்றைக்கு வரும், யாரிடம் கேட்க வேண்டும்? ராத்திரியில் எது நடந்தால் உடனே கூப்பிட வேண்டும்? இதில் இரண்டாவது கேள்வி பலருக்குத் தோன்றுவதில்லை. ஆனால் மனதுக்கு அதிகம் ஆறுதல் தருவது அதுதான். 'ஒன்றுமே தெரியவில்லை' என்று நாம் நினைத்திருந்த மூன்று நாளில் நான்கு பெரிய நோய்கள் இல்லை என்று தெரிந்திருக்கும்.

கடைசிக் கேள்விக்கான பதிலைப் பொதுவாகவும் சொல்லிவிடலாம். பிள்ளை எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் மயங்கியே கிடப்பது, மூச்சு வேகமாக வாங்குவது, கை கால் சில்லிட்டுப்போவது, நீண்ட நேரம் சிறுநீர் போகாதது, விடாத வாந்தி, கடுமையான வயிற்றுவலி, புதிதாக ரத்தக்கசிவு, வெட்டு. இதில் எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் சிஸ்டரை எழுப்புங்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் தொடங்கும். "காய்ச்சல் விட்டாச்சு, வீட்டுக்குப் போவோம்" என்று பெரியவர்கள் அவசரப்படுத்தும் அதே நாள்.

வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. அதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை, ஒளிந்து செய்யவும் வேண்டியதில்லை. ரிப்போர்ட்டுகளின் நகல், ஸ்கேன் படம், சதைப் பரிசோதனையோ மஜ்ஜைப் பரிசோதனையோ செய்திருந்தால் அதன் கண்ணாடிச் சில்லுகள் எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு, பிள்ளையை இங்கேயே வைத்துக்கொண்டு ஒருவர் போய்க் காட்டி வரலாம். பிள்ளையையே மாற்றுவதானால், பாதியில் இருக்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டை யார் எப்போது வந்து வாங்குவது என்று முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் புதிய இடத்தில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் முதல் நாளே மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் காட்டுங்கள். அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் ஊரிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கு

நோய் விசாரிப்பது ஸுன்னத். ஆனால் பெயர் தெரியாத நோயோடு இருக்கும் பிள்ளையைப் பத்துப் பேராகச் சூழ்வதும், சளி இருமலோடு வந்து முத்தமிடுவதும் அந்த ஸுன்னத்தில் சேராது. வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் பிள்ளைக்கு உங்கள் சாதாரணச் சளியே பெரும் ஆபத்து. வாசலில் நின்று துஆ செய்துவிட்டு, ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தையும் மாற்றுத்துணியையும் கொடுத்துப் போனால் போதும். வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளை மதரஸாவுக்கும் பள்ளிக்கும் அனுப்பிவைப்பது, ஓர் இரவு வாப்பாவுக்குப் பதிலாக வராந்தாவில் படுப்பது போன்ற உதவிகளை யாரும் கேட்டுவாங்க மாட்டார்கள், நாமாகச் செய்ய வேண்டும்.

"என்ன நோயாம்?" என்ற கேள்விக்கு விடை இல்லாதபோது ஊர் தானே ஒரு விடையை உண்டாக்கும். மஜ்ஜைப் பரிசோதனை என்றதும் "கேன்சராம்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். ரிப்போர்ட்டில் வேறு ஏதோ சாதாரண நோய் என்று வந்து பிள்ளை துள்ளிக் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வார்த்தை போகாது. பெண்பிள்ளையானால் பதினைந்து வருடம் கழித்துப் பெண் பார்க்க வரும்போது யாராவது அதை எடுப்பார்கள். பிள்ளையின் படம், மருத்துவமனை எண், ரிப்போர்ட் எல்லாம் அமானிதம். உதவி திரட்ட வேண்டிய நிலை வந்தால் பெற்றோரிடம் கேட்டு, ஜமாஅத் அல்லது பைத்துல்மால் மூலமாகப் படம் இல்லாமலே திரட்டலாம். பெற்றோர் தரப்பில் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும்: "பரிசோதனை நடக்குது, தெரிஞ்சதும் நாங்களே சொல்றோம், துஆ செய்யுங்க."

ஒருநாள் ரிப்போர்ட் வரும். அன்றைக்கு டாக்டர் அறைக்கு உம்மாவோ வாப்பாவோ தனியாகப் போக வேண்டாம், நிதானமான ஒருவர் கூட இருக்கட்டும். நோயின் பெயரை டாக்டரையே நோட்டில் எழுதித்தரச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு எதுவும் காதில் ஏறாது என்பதால், மறுநாள் மறுபடி வந்து கேட்கலாமா என்று கேட்டு வையுங்கள். சில பிள்ளைகளுக்குப் பெயர் தெரியாமலேயே காய்ச்சல் தணிந்து, டிஸ்சார்ஜ் ஆகிவிடுவதும் உண்டு. அப்படி வந்தால் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும் மறுபரிசோதனைத் தேதியை அன்றே போனில் குறித்துக்கொள்ளுங்கள். நிலுவையில் இருக்கும் ரிப்போர்ட் எது என்று கேட்டு, அதை வாங்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை காய்ச்சல் வந்தால் டாக்டர் முதலில் கேட்பது அதில் இருக்கும் விவரங்களைத்தான்.